சாம்பல் நிற நன்றி

அத்தியாயம் 9

காணாமல் போன லிஃப்ட் மெக்கானிக், எட்டு மாதங்களாகத் தன் தங்கையின் போட்டோக்களுக்கு லைக் போட்டுக்கொண்டிருந்தார். அதனாலேயே போலீஸ் அவரைத் தேடவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், விரல் வேலை செய்கிறது, வீட்டுக்கு வரத்தான் மனமில்லை. இதற்கெல்லாம் படை திரட்ட முடியாது என்று சொல்லி ஃபைலைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

தங்கை விடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. அதே கடையில் இருந்த ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. அண்ணன் வந்து முன்னால் நிற்காமல் கல்யாணம் இல்லை என்று இரண்டு முறை தள்ளிப் போட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது மாப்பிள்ளையின் அம்மா குரலில் சுருதி இறங்கியிருந்தது. அதற்கு மறுநாள்தான் அவள் பூட்டைத் தேடி வந்தாள்.

பூட்டு என்பது துப்பறிவாளருக்கு அவருடைய பழைய ஆபீசில் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடிக்கிற வேலையில் இருந்தபோதே அவர் அதிகம் வாய் திறக்க மாட்டார். போன வருடம் மனைவி இறந்த பிறகு முகமும் சாத்திக்கொண்டது. பசித்துச் சாப்பிடுவது நின்று, மணி பார்த்துச் சாப்பிட்டார். அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்காவது ஒரு சூடு உண்டு. இவருக்கு உள்ளே, ஒரே பக்கமாய்ப் படுத்து மரத்துப்போன கை மாதிரி, இருப்பது தெரிந்தும் தன்னுடையது என்று தோன்றாத ஒரு கனம் மட்டும் இருந்தது.

உதவியாளருக்கு ரேடியோ என்று பெயர். காரணத்தை யாரும் கேட்டதில்லை. பத்து வருடம் அழகு நிலையத்தில் முடி வெட்டியவள். ஊரார் வீட்டு வம்பெல்லாம் அவள் காது வழியாகத்தான் போய் வந்தது. தன்னுடைய ஜோக்குகள் பூட்டின் முகம் வரை போய்ச் சேருவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தினமும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

விசாரணை தொடங்கிச் சில வாரம் கழித்து, ஒரு காலையில் தங்கை ஒரு ஸ்கிரீன்ஷாட் கொண்டுவந்து காட்டினாள். அண்ணனின் பக்கத்தில், பெயருக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்ட முத்திரை. சாம்பல் நிறம். ‘ஆய்வில் பங்கேற்றமைக்கு நன்றி’ என்று எழுதி, அடியில் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை என்று போட்டிருந்தது.

“எனக்கு ஒரு மெசேஜுக்குக்கூடப் பதில் போட மாட்டேங்கிறான் சார். எவனோ கேட்ட கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கான்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

எட்டு மாதத்தில் கிடைத்த முதல் நூல் அதுதான். பூட்டு அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

சமூகவியல் துறை மூன்றாவது மாடியில் இருந்தது. பேராசிரியையின் அறையில் இருந்த நாற்காலிகளில் எல்லாம் விடைத்தாள் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. ஜன்னல் திரை பாதியில் சிக்கி, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நின்றது. அவர் ஒரு கட்டைத் தூக்கித் தரையில் வைத்து, பூட்டுக்கு மட்டும் இடம் செய்து கொடுத்தார். உட்காருவதற்கு முன்பே, யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள், சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்டிருக்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பதிலே வேண்டாம் என்றார் பூட்டு. ஆளை எப்படிப் பொறுக்கி எடுத்தீர்கள், அதைச் சொன்னால் போதும்.

பேராசிரியையின் முகம் மாறிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லாமல் அவர் எத்தனையோ கருத்தரங்குகளில் ஏங்கிப் போயிருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

ஆய்வு, தனிமையைப் பற்றி. சமூக வலைத்தளத்தில் இருப்பவர்கள் எவ்வளவு தனியாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊரையே கூப்பிட்டுக் கேட்க முடியாது. தொட்டித் தண்ணீரைச் சோதிக்க ஒரு டம்ளர் போதும். ஆனால் மேலாக மொண்டால் மிதக்கிற தூசிதான் வரும். வலைத்தளத்தில் அந்தத் தூசி, மூச்சு விடாமல் எழுதித் தள்ளுகிறவர்கள். அவர்களை மட்டும் பிடித்துக் கேட்டால் ஊரே கூச்சல் போடுகிறது என்று முடிவு வரும். அதனால் அவர் அடி வரைக்கும் கலக்கினார். இந்த ஊருக்குள்ளிருந்து இயங்கும் கணக்குகள், கடந்த மாதத்தில் ஒரே ஒரு லைக் போட்டிருந்தாலும் போதும்; அவற்றை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, குலுக்கல் முறையில் எடுத்தார். கடைகள், கம்பெனிகள், இயந்திரம் ஓட்டுகிற போலிக் கணக்குகள் எல்லாவற்றையும் முதலிலேயே களைந்துவிட்டார்.

“இந்த ஊருக்குள்ளிருந்துன்னா?” என்றார் பூட்டு.

போன் எங்கே இருக்கிறதோ அந்த ஊர் என்றார் பேராசிரியை. சொந்த ஊர் என்று ஆயிரம் பேர் ஆயிரம் எழுதிக்கொள்வார்கள். அதை அவர் நம்புவதில்லை.

பூட்டு ரேடியோவைப் பார்த்தார். போன் இந்த ஊரிலேயே இருக்கிறது. எட்டு மாதமாகத் தங்கை வெளியூர்ப் பேருந்து நிலையங்களில் எல்லாம் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவர் முத்திரையைப் பற்றிக் கேட்டார். இதுவும் ரகசியமா? இல்லை, துறையின் பக்கத்திலேயே விதி போட்டிருக்கிறது, யாரும் படிக்கலாம் என்றார் பேராசிரியை. பதில் சொன்ன எல்லோருக்கும் முத்திரை உண்டு. ஆய்வில் சேர்த்துக்கொண்டவர்களுக்குப் பச்சை. பதில் சொல்லியும் கணக்கில் சேர்க்க முடியாமல் போனவர்களுக்குச் சாம்பல். சிரமப்பட்டுப் பதில் சொன்னவர்களை நன்றி சொல்லாமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

“பதில் சொன்னப்புறம் ஏன் மேடம் தள்ளுவீங்க?” என்றாள் ரேடியோ.

“ஒரே ஒரு காரணம்தான். கணக்கு யாரோடதோ அவங்க பதில் சொல்லல, வேற யாரோ சொல்லியிருக்காங்கன்னு தெரிஞ்சா.”

“அது எப்படித் தெரியும்? முகமா தெரியுது?”

பேராசிரியை சிரித்தார். “முகம் எதுக்கு? நம்ம பாஷையே காட்டிக் குடுத்திடும். கணக்கு ஆம்பளையோடது. வீட்ல யாரோட அதிகம் பேசுவீங்கன்னு கேக்கறோம். கொழுந்தன்னு பதில் வருது. ஆம்பளைக்கு ஏது கொழுந்தன்? நாத்தனார்னு வரும், ஓரகத்தின்னு வரும். எல்லாம் வீட்டுக்காரர் போனை எடுத்து மனைவி சொல்ற பதில்.”

“மாமியார்னு எழுதினா?”

“அது ரெண்டு பேருக்கும் உண்டே.”

“ஆமா, மாமியார் எந்தக் கேஸ்லயும் மாட்ட மாட்டாங்க,” என்றாள் ரேடியோ. “அப்போ நீங்க ஆளைப் பிடிக்கல மேடம். ஆள் மாதிரி ஒண்ணைப் பிடிச்சிருக்கீங்க.”

தன் துறையின் முக்கால்வாசிச் சண்டை அதைப் பற்றித்தான் என்று பேராசிரியை ஒப்புக்கொண்டார். குலுக்கலில் விழுவது கணக்கு. பதில் சொல்வது மனுஷர்.

கடைசியாகப் பூட்டு, அடுத்த சுற்றுக் கேள்வி எப்போது போகும் என்று கேட்டார். அதுவும் பக்கத்திலேயே போட்டிருந்தது. இன்று மாலை நான்கு மணிக்கு. பச்சை, சாம்பல் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும். பேராசிரியை ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. பூட்டும் ஒரு பெயரைக்கூடக் கேட்கவில்லை. இருவருக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது ரேடியோ பொங்கினாள். தனியாக இருக்கிறவர்களைத் தேடுகிறார்களாம். இன்னொருவர் போனை எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிற அளவுக்குத் தனியாக இருப்பவர்களை முதல் வேலையாக வெளியே தள்ளிவிடுகிறார்களாம். பிறகு விஷயத்துக்கு வந்தாள். ஆக, மெக்கானிக் கணக்கிலிருந்து பதில் சொன்னது ஒரு பெண். இதே ஊரில், இன்னொரு வீட்டில், இன்னொரு குடும்பம். எட்டு மாதமாக மனிதர் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்துகொண்டு தங்கைக்கு லைக் போட்டிருக்கிறார்.

கண்ணாடிக் கடையில் தங்கையிடம், பதில் சொன்னது ஒரு பெண் என்பதை மட்டும் சொன்னார்கள். கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்து முடித்த கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தாள். அவளும் ரேடியோ நினைத்ததைத்தான் நினைத்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“அண்ணிகிட்ட இதை எப்படி சார் சொல்றது?” என்றாள். “அவங்களுக்கு என்னை விட்டா பேசக்கூட ஆள் கிடையாது.”

நாங்களும் கூட வருகிறோம், நான்கு மணிக்கு முன்பே போய்விடலாம் என்றார் பூட்டு. அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வர உள்ளே போனாள்.

வாசலில் நிற்கும்போது பூட்டு, “போன வாரம் அவங்க அண்ணி வீட்ல உட்கார்ந்திருந்தோமே, எதிர்ல லிஃப்ட் வந்து நின்னுட்டே இருந்துதே, ஞாபகம் இருக்கா?” என்றார்.

“மறக்க முடியுமா பாஸ். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், வீட்டு லிஃப்ட் கிழவன் இருமற மாதிரி சத்தம் போடுது.”

“ஒவ்வொரு தடவையும் தங்கச்சி கதவைப் பார்த்தாங்க. அண்ணி பார்க்கல.”

“தையல்ல மும்முரமா இருந்திருப்பாங்க.”

“நானும் பார்க்கறதில்ல,” என்றார் பூட்டு.

பேருந்து வரும் வரை ரேடியோ பேசவே இல்லை.

அண்ணி வீட்டிலேயே தையல் வேலை பார்த்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே நீலம். ஜன்னலோரம் தையல் மெஷின். அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அது தங்கையின் இடம் என்பது, வந்ததும் அவள் கேட்காமல் போய் உட்கார்ந்ததிலிருந்து தெரிந்தது. கடை முடிந்து தினமும் இங்கே வந்து, பிசிறு வெட்டிக் கொடுத்தபடி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் அவள் தன் அறைக்குப் போவாள். இன்றும் கத்தரியை எடுத்துக்கொண்டாள். ஆனால் வெட்டவில்லை.

என்ன சீக்கிரம் வந்துவிட்டாய் என்று அண்ணி கேட்டாள். கடையில் கூட்டமில்லை என்றாள் இவள். அண்ணி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். விசாரணைக்கு வந்தவர்களைப் பார்த்தும் அவளுக்கு ஒரு பதற்றமும் இல்லை. ஏதாவது தெரிந்ததா என்ற கேள்வியும் இல்லை. மெஷினை மிதித்தாள், துணி நகர்ந்தது. அந்த அமைதி பூட்டுக்குப் பழக்கமானது. தினமும் கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கும்போது எதிரில் இருப்பது அதுதான்.

ரேடியோ நேரத்தை ஓட்டினாள். தன் பேண்டில் பாக்கெட் வைக்க முடியுமா, பெண்களுக்குத் தைக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து பாக்கெட்டுக்கு எதிராகச் சத்தியம் செய்திருக்கிறார்களா என்று கேட்டாள். வைக்கலாம் என்றாள் அண்ணி. லிஃப்ட் இருமிக்கொண்டு வந்து நின்றது. தங்கை கதவைப் பார்த்தாள். எதிர் வீட்டுக்காரர் தன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது.

நான்கு மணி ஆனது.

தையல் மெஷினின் இழுப்பறைக்குள் ஏதோ உறுமியது. உள்ளே கிடந்த, நூல் சுற்றிய தகரப் பாபின்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுவென்று நடுங்கி, அடங்கின.

அண்ணி நிமிரவில்லை. கையிலிருந்த தையலைக் கடைசி வரை ஓட்டி முடித்தாள். நூலை அறுத்தாள். துணியை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஒரு போனை எடுத்துத் தங்கையின் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஓரத்தில் விரிசல் விட்ட, நீல உறை போட்ட அந்தப் போன் யாருடையது என்று தங்கைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் அதைத் தொடாமல் குனிந்து படித்தாள். திரையில் புதிய கேள்வி வந்திருந்தது. அதற்கு மேலே போன சுற்றின் கேள்வியும் பதிலும் அப்படியே நின்றன. ‘நாளை முதல் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வராமல் போனால், யாரை மிக அதிகமாகத் தேடுவீர்கள்?’

கீழே ஒற்றைச் சொல். நாத்தனாரை.

தங்கை அதை எத்தனை முறை படித்தாள் என்று தெரியாது. நிமிர்ந்தபோது முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

“அண்ணனைன்னு ஏன் அண்ணி எழுதல?”

“அவரைத் தேட வேண்டியதில்ல,” என்றாள் அண்ணி. “எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும்.”

பிறகு சொன்னாள். துணிக்கு அளவு சொல்கிற அதே குரலில் சொன்னாள். வெளியூரில் ஒரு லிஃப்ட் வேலை என்று அவர் அன்று விடிகாலையில் கிளம்பியபோது, சார்ஜில் போட்டிருந்த போனை மறந்துவிட்டுப் போனார். தங்கை பதறிப்போய் போலீசுக்குப் போனாள். மூன்றாம் நாள் அந்தப் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது, ஏதோ ஒரு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து. பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒருவர் இறந்துகிடந்தார், மாரடைப்பு. பையில் அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்பேனர் பெட்டியின் மூடியில் இந்த நம்பரைப் பெயின்டில் எழுதியிருக்கிறது என்றார்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்கட்டும் என்று அவரே எழுதியது.

அவருடைய கம்பெனியில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அண்ணி தனியாகப் போனாள். அடையாளம் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். அங்கேயே எரித்துவிட்டுத் திரும்பினாள். வழி முழுக்க அழுகை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தாள், வரவில்லை. வீட்டு வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது தெரிந்ததா அண்ணி என்று கேட்டாள். இல்லை என்று வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். மறுநாளும் இவள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். போன் எங்கே என்று போலீஸ் கேட்டபோது, அவர் கொண்டுபோய்விட்டார் என்று சொன்னாள். அப்புறம் ஒருநாள் இவள், அண்ணன் செத்தே போயிருப்பானோ என்று கேட்டு, சாப்பிடாமல் கிடந்தாள். அன்றைக்குத்தான் அண்ணி முதல் லைக்கைப் போட்டாள். இவள் எழுந்து முகம் கழுவினாள்.

ரேடியோ சுவரோரம் இருந்த நீலத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடலாமா என்று பூட்டுக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சின்ன அறையில் அசைந்தாலே சத்தம் கேட்கும்.

“எட்டு மாசம் அவனுக்கு மெசேஜ் போட்டேன்,” என்றாள் தங்கை. “எல்லாத்தையும் நீங்க படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“கல்யாணத்தைத் தள்ளி வெச்சது? நீ வந்தாதான்னு எழுதினேனே, அது?”

“அதையும்.”

“படிச்சிட்டு எப்படி அண்ணி சும்மா இருந்தீங்க?”

அண்ணி மெஷினின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். சுற்றவில்லை, வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“அவர் இல்லன்னு தெரிஞ்சா நீ அழுவே. ஒரு மாசம் வருவே, ரெண்டு மாசம் வருவே. எனக்குப் பிள்ளை இல்ல, குட்டி இல்ல. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு நீ எதுக்கு வரணும்? உனக்கும் எனக்கும் நடுவுல இருந்தது அவர் ஒருத்தர்தானே.” போனைக் காட்டினாள். “அந்த ஆராய்ச்சிக்காரங்க யாருன்னே எனக்குத் தெரியாது. எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருந்தாங்க. யாரும் கேட்டதில்லையா, எழுதிட்டேன்.”

துப்புத் துலங்கிவிட்டது. குற்றம் என்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை. புருஷனை இழந்தவள் அதை வெளியே சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் காலத்தில் என்றால் பூட்டு இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு எழுந்திருப்பார். இப்போது அவர் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் பக்கத்து உறவுகள் இப்போதெல்லாம் போன் செய்வதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. அவர்களும் என்ன காரணம் சொல்லிக்கொண்டு செய்வார்கள் என்றும் தோன்றியது. உள்ளே எங்கேயோ, ஆழத்தில், ஏதோ ஒன்று லேசாக ஊசி குத்தினாற்போல இருந்தது. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை.

“ரொம்ப நேரம் கஷ்டப்பட்டானா?” என்று தங்கை கேட்டாள்.

“இல்லன்னு சொன்னாங்க. தூங்கற மாதிரிதான் இருந்தார்.”

தங்கை கத்தரியை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். போனை எடுக்கவில்லை. அண்ணியைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். பூட்டும் ரேடியோவும் அவளுக்கு வழி விட்டு வெளியே ஒதுங்கி நின்றார்கள். செருப்பில் கால் நுழையாமல் இரண்டு முறை தடுமாறினாள். ரேடியோ பிடித்துக்கொள்ளக் கை நீட்டியதை அவள் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள், அதுதான் நியாயம் என்று பூட்டு நினைத்தார். அவள் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். அது வந்து, திறந்து, காத்திருந்து, தானாக மூடிக்கொண்டது. அவள் ஏறவில்லை.

“நாளைக்கு வர மாட்டேன் அண்ணி,” என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

உள்ளேயிருந்து சரி என்று குரல் வந்தது.

“உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு என்ன பேச வரும்னு தெரியல. நாளைக்கு வேண்டாம்.”

“சரி.”

கீழே யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் இறங்கிப் போயிற்று.

“நாளன்னைக்கு லீவு போடறேன்,” என்றாள். “ரெண்டு பேருமா போவோம். எந்த இடம்னு எனக்குக் காட்டுங்க.”

மெஷினை விட்டு எழுந்து அண்ணி வாசல் வரை வந்தாள். ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“விடிகாலையில ஒரு பஸ் இருக்கு,” என்றாள். “அதுல போனா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்.”